மருந்தகத்தில் இரத்தம் எடுக்கலாமா?

சம்பள வாரத்துச் சனிக்கிழமை மாலையில் புக்கிட் செந்தோசா கடைவரிசைப் பக்கம் சென்றவர்கள், மருந்தகத்தின் முன்னால் ஒரு சிறு மேசையையும், அதனைச் சூழ்ந்து முறைக்காகக் காத்திருக்கும் நம்மவர்களையும் கண்டிருப்பர். மேசைமேல் கைக்கு அடக்கமான ஒரு கருவி இருக்கும். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், சில விநாடிகளில் ஓர் எண். “உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கிறது”, “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று அந்த எண்ணை வைத்தே பேச்சு முடிந்துவிடுகிறது.

அண்மையில் அங்கு வந்திருந்த ஐம்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் நம்மிடம் ஓர் ஐயத்தைக் கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பால்மரம் வெட்டிவருபவர் அவர். “ஐயா, இங்கே விரல்ல குத்துறாங்க. போன மாசம் வேறோர் இடத்துல கையில வார் கட்டி, ஊசியைப் போட்டு, குழாய்ல ரத்தம் எடுத்தாங்க. எண்பது வெள்ளி கொடுத்தேன். இரண்டும் ஒண்ணுதானே?” என்றார். எடுத்தவர் டாக்டரா, தாதியா என்று வினவினோம். “வெள்ளைச் சட்டை போட்டிருந்தாரு” என்பதே விடை. முடிவு என்ன ஆயிற்று என்றோம். போனில் அனுப்புவதாகச் சொன்னவர்கள் அதுவரை அனுப்பவில்லையாம். ரசீதும் இல்லை.

அந்த அம்மையாருக்கு அன்று நின்றவாறே நாம் சொன்ன விடையைத்தான் இங்கு சற்று விரிவாக எழுதுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. மருத்துவ முறையிலும் ஒன்றல்ல. சட்டத்தின் பார்வையிலும் ஒன்றல்ல.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். நம் மக்களில் பலர் டாக்டர் இருக்கும் கிளினிக்கையும், மருந்து விற்கும் பார்மசியையும் ‘மருந்தகம்’ என்று ஒரே பெயரால் அழைக்கின்றனர். இக்கட்டுரையில் மருந்தகம் என்பது, பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரின் பொறுப்பில் இயங்கும் பார்மசியை மட்டுமே குறிக்கும். அதுபோலவே, கையில் வார் கட்டி எடுப்பதை ‘நரம்பில் எடுப்பது’ என்கிறோம். பள்ளிப் பாடநூல் அதனைச் சிரை என்னும். நாமும் ஒரு காலத்தில் கரும்பலகையில் சிரை என்று எழுதிப் பாடம் நடத்தியவர்களே. எனினும் வழக்கில் உள்ள சொல்லையே இங்கு ஆள்கிறோம்.

டிரசர் காலத்துச் சொட்டு

தோட்டப்புறத்துக்கு இரத்தப் பரிசோதனை புதிதன்று. மல்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1901-இல் கிள்ளான் மாவட்டத்துக்கு வந்தபோது, சிலாங்கூர்க் கடலோரப் பகுதிகளில் மலேரியா மக்களைக் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டிருந்தது. சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி நீரை வடியச் செய்ததும், தோட்டந்தோறும் பிள்ளைகளின் மண்ணீரல் வீக்கத்தைத் தடவிப் பார்த்து எந்த லயத்தில் நோய் மிகுதி என்று கணக்கிட்டதும் அவருடைய பணிகள். அதன் பின்னர் பல்லாண்டுக் காலம், காய்ச்சல் என்று வந்தவரின் விரல் நுனியில் குத்திக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டைத் தடவி எடுத்தவர் தோட்ட மருத்துவமனையின் டிரசரே. 1967-இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, அந்தக் கண்ணாடித் தகடு நாட்டின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் சென்றது.

அந்த டிரசர் பெரிய டாக்டர் அல்லர். ஆயினும், இவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு எடுப்பவரும், இன்னார் என்று ஓர் ஏட்டில் பெயர் பதிந்தவராக இருந்தார். தவறு நேர்ந்தால் கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது.

இன்று நிலைமை வேறு. கித்தாத் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. சில, வீடமைப்புத் திட்டங்களாயின. லயங்களை விட்டு வெளியேறியவர்கள் புக்கிட் செந்தோசா, புக்கிட் பெருந்தோங் போன்ற குடியிருப்புகளில் இருந்தவாறு மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் சென்று வருகின்றனர். தோட்டத்து மருத்துவமனை இருந்த இடத்தில் பூட்டிய கட்டடம் நிற்கிறது, அல்லது அதுவும் இல்லை. அருகில் திறந்திருப்பது மருந்தகம். மாலை வேலை முடிந்தும் செல்லலாம், ஞாயிற்றுக்கிழமையும் செல்லலாம். ஆகவே மக்கள் அங்குச் செல்வதில் வியப்பில்லை. அதில் தவறும் இல்லை. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோய் நிலை ஆய்வு, நாட்டின் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டிற்று. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. நோயுற்றவர்களுள் பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானோர், தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். விரலில் குத்திப் பார்க்கும் மேசையைக் கண்டு நாம் முகஞ்சுளிக்கும் நிலையில் இல்லை.

இரண்டு இரத்தமும் ஒன்றா?

விரல் நுனியில் வருவது, மிக நுண்ணிய குழாய்களில் ஓடும் இரத்தம். அதைக் கருவி அங்கேயே, அப்போதே அளந்துவிடுகிறது. நல்ல கருவி என்று உலக அளவில் ஏற்கப்படுவதும்கூட 15 விழுக்காடு வரை கூடவோ குறையவோ காட்ட இடமுண்டு. உண்மையில் 7.0 இருப்பவருக்கு அது 6.0 என்றும் காட்டலாம், 8.0 என்றும் காட்டலாம். மேலும், உணவுக்குப் பின் விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரை, நரம்பு இரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகையால் விரல் பரிசோதனை ‘மேலும் பார்க்க வேண்டுமா, வேண்டாமா’ என்பதற்கு மட்டுமே விடை கூறும். நோய் உண்டு என்று தீர்ப்பளிக்க நரம்பு இரத்தம் வேண்டும். எட்டு மணி நேரம் உண்ணாதிருந்து எடுத்த நரம்பு இரத்தத்தில் சர்க்கரை 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில், நம் நாட்டு மருத்துவ வழிகாட்டி கொள்ளும் எல்லை 6.3 விழுக்காடு. உடலில் அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு, ஒருமுறை மிகுந்து காட்டினாலும் மறுமுறை பார்த்தே டாக்டர் முடிவு கூறுவார்.

அப்படியானால், அந்த நரம்பு இரத்தத்தை மருந்தகத்திலேயே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். இங்குதான் செய்தி இருக்கிறது. நரம்பில் எடுப்பது குத்துவதோடு முடிவதன்று. எடுத்த இரத்தம் குழாய்க்குள் இருக்கும்போதும் உயிருள்ளதே. அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேயிருக்கும். சர்க்கரையைக் காக்கும் மருந்து கலவாத குழாயில், மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு வரை சர்க்கரை குறைந்துகொண்டே போகும். மூன்று மணி நேரம் மேசையின் மேலோ, வெயிலில் ஓடும் வண்டியிலோ கிடந்தால், 7.8 ஆக இருந்தது ஏறக்குறைய 6.5 ஆகிவிடும். நோயாளி “நலம்” என்ற தாளைப் பெற்று வீடு திரும்புவார். பால் உறைந்த பிறகு ஸ்டோரில் கொண்டுபோய் ஊற்றினால் கிராணி என்ன எழுதுவார் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். இரத்தத்தின் கதையும் அத்தகையதே. வேறுபாடு, உறைந்த பால் கண்ணுக்குத் தெரியும், குறைந்த சர்க்கரை தெரியாது.

ஆகவே எந்தக் குழாயில் எடுப்பது, எத்தனை நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் சேர்ப்பது, யாருடைய பெயர்ச்சீட்டை எப்போது ஒட்டுவது என்பவற்றுக்கெல்லாம் பயிற்சியும் பொறுப்பும் தேவை. எடுக்கும்போது மயங்கி விழுபவர் உண்டு. ஊசி தவறினால் கை வீங்கும். அருகிலுள்ள உணர்ச்சி நரம்பைத் தொட்டால் நீண்ட நாள் வலிக்கும். மறுநாள் விடியலில் கத்தியைப் பிடித்து மரத்துக்கு மரம் நடக்க வேண்டியவரின் வலக்கை அது.

சட்டம் கூறுவது

மருந்தாளர் 1951-ஆம் ஆண்டின் மருந்தாளர் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவர். ஆண்டுதோறும் தம் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியவர். அவர் மருந்துகளைக் கையாள்வதற்கு, 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் ‘ஏ’ வகை உரிமம் உண்டு. நான்காண்டு பல்கலைக்கழகப் படிப்பும், பின்னர்ப் பயிற்சியும் பெற்று வந்தவர். இந்த மருந்தோடு அந்த மருந்து சேருமா, சிறுநீரகம் தளர்ந்தவர் எதைத் தவிர்க்க வேண்டும் என்பவற்றைக் கேட்க, பக்கத்தில் அவரைவிடச் சிறந்தவர் கிடைப்பது அரிது. நம் மக்கள் அவரிடம் கேட்க வேண்டிய அளவுக்குக் கேட்பதில்லை என்பது நம் எண்ணம்.

ஆனால் அந்தப் பதிவும் அந்த உரிமமும் நரம்பில் ஊசி போட்டு இரத்தம் எடுக்கும் அனுமதி அல்ல. மருத்துவத் தொழில் நடத்துவது 1971-ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டப்படி பதிவு பெற்ற டாக்டருக்கு உரியது. அது நடக்கும் தனியார் இடம், 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ்ப் பதிவோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம், தனியார் கிளினிக்குகளைப் பதிவு செய்யச் சொல்கிறது; தனியார் மருத்துவமனை, இரத்த வங்கி முதலியவற்றுக்கு உரிமம் கேட்கிறது. பதிவின்றிக் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 3 இலட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 6 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நிறுவனமாயின் அபராதம் 5 இலட்சம் ரிங்கிட் வரை உயரும். சிறு தொகையன்று. பாராளுமன்றம் இதனை எத்துணைக் கடுமையாகக் கருதியது என்பதை அத்தொகையே காட்டும்.

டாக்டரின் பொறுப்பில் தாதியும், மருத்துவ உதவியாளரும், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பரும் இரத்தம் எடுக்கின்றனர். தாதியருக்கு 1950-ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவ உதவியாளருக்கு 1977-ஆம் ஆண்டுச் சட்டம், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் போன்றோருக்கு 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு உண்டு. வெள்ளைச் சட்டைக்கு எந்தப் பதிவேடும் இல்லை. அதைத் துணிக்கடையில் யாரும் வாங்கலாம்.

ஆய்வுக்கூடங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நோய்க்குறியியல் ஆய்வுக்கூடச் சட்டத்தைப் பாராளுமன்றம் 2007-இலேயே நிறைவேற்றிற்று. எனினும் அச்சட்டம் பல்லாண்டுகள் நடைமுறைக்கு வராமலே இருந்தது. அந்த இடைவெளியில் ஆய்வுக்கூடங்கள் பெருகின. அவற்றின் பெயரைச் சொல்லி, கடையிலும் மண்டபத்திலும் இரத்தம் எடுக்கும் பழக்கமும் பரவிற்று. ‘ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறோம்’ என்று ஒருவர் கூறுவதால் மட்டும் அவருடைய ஊசி சட்டபூர்வமானதாகி விடாது. எடுக்கும் இடமும், எடுப்பவரும் பதிவு பெற்றவர்களா என்பதே முதற்கேள்வி.

விரல் குத்தும் கருவியின் நிலை வேறு. அதே கருவியை நாமே வாங்கி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கருவிக்கென 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டம் உள்ளது. அதன்படி பதிவு பெற்ற சாதனங்களையே விற்க வேண்டும். மருந்தாளர் அதனைக் கொண்டு விரலில் பார்த்து எண்ணைச் சொல்லலாம். “டாக்டரைப் பாருங்கள்” என்று எழுதி அனுப்பலாம். ஆனால் அந்த எண்ணை வைத்து நீரிழிவு மாத்திரையைத் தாமாகவே தொடங்கித் தர அவருக்கு இயலாது. அதற்கு டாக்டரின் மருந்துச் சீட்டு வேண்டும்.

கடல் கடந்து ஒரு பாடம்

மருந்தகத்தில் இரத்தம் எடுக்கும் கேள்வி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இத்தாலி நாடு 2009-இல் மருந்தகங்களுக்குப் புதிய சேவைகளை வழங்க அனுமதித்தபோது, விரல் சொட்டுப் பரிசோதனைக்கு இடம் தந்து, சிரிஞ்சால் இரத்தம் எடுப்பதை மட்டும் அதே சட்டத்தில் வெளிப்படையாக விலக்கி வைத்தது. அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விரல் சொட்டுப் பரிசோதனை செய்யும் மருந்தகமும் அதற்கென அரசாங்கச் சான்றிதழ் ஒன்றை வைத்திருக்க வேண்டும்.

அந்த அமெரிக்காவிலேயே நடந்தது ஒன்றுண்டு. எலிசபெத் ஹோம்ஸ் என்ற இளம் பெண் 2003-இல், தம் பத்தொன்பதாம் வயதில், ‘தெரனோஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். விரல் நுனியின் சில சொட்டு இரத்தத்திலேயே ஏராளமான பரிசோதனைகளைச் செய்துவிடலாம் என்பது அவர் கூற்று. 2013-இல் ‘வால்கிரீன்ஸ்’ என்னும் பெரிய மருந்தகக் குழுமம் அவருடன் கைகோத்தது. பெரும்பாலும் அரிசோனா மாநிலத்தில், கடைக்குள்ளேயே இரத்தம் எடுக்கும் நிலையங்கள் திறக்கப்பட்டன, மொத்தம் நாற்பது. 2015-இல் அரிசோனா, டாக்டரின் சீட்டு இல்லாமலே மக்கள் தமக்குத் தாமே பரிசோதனை கேட்டுப் பெறலாம் என்று சட்டத்தையும் தளர்த்திற்று. விலை குறைவு, கடை பக்கத்தில், காத்திருப்பு இல்லை. நம்முடைய சனிக்கிழமை மேசைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை.

அவ்வாண்டு அக்டோபரில் ஒரு நாளேடு உண்மையை வெளியிட்டது. அந்நிறுவனம் பெருமையாகப் பேசிய கருவி, சொன்ன வேலையைச் செய்யவில்லை. பரிசோதனைகளுள் பெரும்பாலானவை, பிற நிறுவனங்களின் வழக்கமான கருவிகளிலேயே நடத்தப்பட்டன. மத்திய அரசின் சோதனை அதிகாரிகள் ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட்டு, நோயாளிகளின் உயிருக்கு ஊறு நேரக்கூடும் என்று 2016 சனவரியில் அறிவித்தனர். அதே ஆண்டு, இரண்டு ஆண்டுகளில் தன் கருவி தந்த முடிவுகளையெல்லாம் செல்லாதவை என்று நிறுவனமே அறிவிக்க நேர்ந்தது. சூன் மாதம் மருந்தகக் குழுமம் உறவை முறித்துக்கொண்டது. 2017-இல் அரிசோனா மக்களுக்குத் திருப்பித் தர 46.5 இலட்சம் டாலருக்கு நிறுவனம் உடன்பட்டது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக ஹோம்ஸ் 2022-இல் தண்டனை பெற்றார்.

இங்கு நாம் கவனிப்பது ஒன்றே. இரத்தம் எடுக்கும் மேசையை அரிசோனா திறந்துவிட்டபோதும், எடுத்த இரத்தம் போய்ச் சேரும் ஆய்வுக்கூடத்தைக் கண்காணிக்க வேறொரு சட்டம் விழித்திருந்தது. அதனால்தான் பணமாவது திரும்பிற்று. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒருவரிடம் கையை நீட்டினால், நமக்காக விழித்திருப்பவர் யார்?

மேசையின் முன் அமர்ந்தால்

மருந்தகத்தில் விரல் பரிசோதனைக்கு அமரும்போது, முதலில் மருந்தாளர் யார் என்று கேளுங்கள். பணம் வாங்கும் பிள்ளையோ, மருந்து நிறுவனத்தின் விற்பனையாளரோ மருந்தாளர் அல்லர். அவருடைய சான்றிதழும் கடையின் உரிமமும் சுவரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மருந்தாளரே இல்லாத மருந்துக்கடைகளும் நம் பட்டணங்களில் உண்டு. பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து நம்பிவிடலாகாது.

குத்தும் ஊசி உங்கள் கண்ணெதிரே புதிதாகப் பிரிக்கப்பட வேண்டும். ஒரே குத்துக் கருவியைப் பலருக்குப் பயன்படுத்தியதால் மஞ்சட்காமாலைக் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது அமெரிக்க முதியோர் இல்லங்களில் பலமுறை நடந்துள்ளது. ஊசி முனையை மட்டும் மாற்றினால் போதும் என்று எண்ணியதன் விளைவு அது. 2010-இல் அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள், ஒருவருக்குப் பயன்படுத்திய குத்துக் கருவியை மற்றொருவருக்கு எக்காரணத்தாலும் பயன்படுத்தலாகாது என்று எச்சரித்தனர். ஒருமுறை குத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் ஊசியே பொது இடத்துக்கு ஏற்றது. ஒவ்வொருவருக்கும் கையுறை மாற்ற வேண்டும். பயன்படுத்திய ஊசி, குத்தினாலும் துளைபடாத பெட்டிக்குள் போக வேண்டும். 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவுகள் விதிகளின்படி அது சாதாரணக் குப்பையன்று. பழைய பால் டின்னில் போடுவதைக் கண்டால், எழுந்து வந்துவிடுங்கள்.

பால்மரம் வெட்டுவோருக்கென ஒரு குறிப்பு. கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல் நுனியின் நடுவில் குத்தினால் வலி மிகும். இரத்தமும் சரியாக வராது. நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தச் சொல்லுங்கள். விரலைப் பிசைந்து பிழிந்து எடுக்கலாகாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின்னரே நீட்டுங்கள். சற்று முன் உரித்துத் தின்ற பலாச்சுளையின் சாறு விரலில் இருந்தால், கருவி அதையும் சேர்த்துக் கணக்கிடும். எப்போது உண்டீர்கள் என்பதையும் மறைக்க வேண்டா. விடியற்காலை பெரட்டுக்குச் செல்லுமுன் குடித்த டின்பால் காப்பியை நம்மில் பலர் உணவாகவே கருதுவதில்லை. “ஒன்றும் சாப்பிடவில்லை” என்று உண்மையாகவே நம்பிச் சொல்கின்றனர். எண் தவறாகப் பொருள் கொள்ளப்படுகிறது.

அடையாள அட்டை எண்ணும் தொலைபேசி எண்ணும் கேட்டால், எதற்கு என்று வினவும் உரிமை உங்களுக்கு உண்டு. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் உடல்நிலை பற்றிய செய்தியை நுட்பமான தரவாகக் கருதுகிறது. அதைச் சேகரிக்க உங்கள் வெளிப்படையான இசைவு தேவை. இந்த எண்களைச் சேகரித்துக்கொண்டு மறுநாளே சத்துமாவும் மூலிகைச் சாறும் விற்க அழைப்பவர்கள் உள்ளனர். ‘இனிப்பு நீரை அடியோடு தீர்க்கும்’ என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்வது குற்றமாகும். 1956-ஆம் ஆண்டின் மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டம், இவ்வாறு பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாதவையென இருபது நோய்களைப் பட்டியலிட்டுள்ளது. நீரிழிவும் அதில் ஒன்று. இலவசப் பரிசோதனை என்று அழைத்து, எண்ணைக் காட்டி அச்சுறுத்தி, நூறு ரிங்கிட் டப்பாவைக் கையில் திணிக்கும் இடத்துக்கு எச்சரிக்கை தேவை. அந்த மேசை உண்மையில் எதற்குப் போடப்பட்டது என்பது அப்போதே விளங்கிவிடும்.

எண் மிகுந்திருந்தால்

பதற வேண்டா, தள்ளிப்போடவும் வேண்டா. மருந்தாளரிடம் எண்ணையும், நேரத்தையும், உணவு உண்டதா என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பெற்றுக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். செரண்டாவிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் கிளினிக் உண்டு. மேற்கொண்டு பார்க்க கோலகுபு பாரு, தஞ்சோங் காராங் மருத்துவமனைகள் உள்ளன. மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் புற நோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கே நரம்பு இரத்தம் எடுப்பவர் பதிவு பெற்றவர். உங்கள் பெயர்ச்சீட்டு உங்கள் கண்ணெதிரே குழாயில் ஒட்டப்படும். முடிவு உங்கள் அட்டையில் ஏறும். காலை வேலையை விட்டுச் சென்றால் அந்நாள் சம்பளம் போகுமே என்பது உண்மையான கவலைதான். கிளினிக்கில் முன்னதாகவே நாள் வாங்கிக்கொண்டு, மண்டோரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நலம்.

நாற்பது வயதைக் கடந்து, அரசாங்க உதவித் தொகை பெறும் குடும்பத்தைச் சேர்ந்தவராயின், 2019-இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டத்தின் கீழ் இரத்தப் பரிசோதனை உள்ளிட்ட சோதனை இலவசம். திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் கிளினிக்கிலும் செய்துகொள்ளலாம். சொக்சோ நிறுவனமும் நாற்பது வயதை எட்டிய சந்தாதாரர்களுக்கென 2013-இல் ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் கடிதம் வீட்டுக்கு வந்தும், மலாய் மொழியில் இருப்பதால் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். பள்ளியில் படிக்கும் பிள்ளையை அழைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பதிவில்லாத இடத்தில் நரம்பு இரத்தம் எடுப்பதைக் கண்டால், ஷா ஆலமில் உள்ள சிலாங்கூர் மாநிலச் சுகாதார இலாகாவின் தனியார் மருத்துவத் தொழில் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு எழுதலாம். மருந்து விற்பனை பற்றிய புகாராயின், மருந்தக அமலாக்கப் பிரிவு உண்டு. தமிழில் எழுதத் தெரிந்தவர் தோட்டத்துத் தலைவர்களின் உதவியுடன் மலாயில் எழுதிக்கொள்ளலாம். நாள், நேரம், கடையின் முகவரி, கொடுத்த தொகை ஆகியவை இருக்க வேண்டும். ரசீது இருந்தால் புகார் வலுப்பெறும். ஆகையால் எதற்கும் ரசீது கேட்டு வாங்குங்கள்.

முதலில் குறிப்பிட்ட அம்மையார், அடுத்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்றார். வெறும் வயிற்றில் எடுத்த நரம்பு இரத்தத்தில் சர்க்கரை 9-க்கு மேல் இருந்தது. மறுமுறை பார்த்தபோதும் அவ்வாறே. இப்போது மாத்திரை உட்கொண்டு வருகிறார். அந்த மாத்திரையோடு, மூட்டு வலிக்குத் தாம் வழக்கமாக வாங்கும் மருந்தைச் சேர்த்து உண்ணலாமா என்று, சனிக்கிழமை மேசை போடும் அதே மருந்தகத்து மருந்தாளரிடம் சென்று கேட்டிருக்கிறார். மருந்தாளர் அவரை அமரவைத்து, கொண்டுவந்த பையிலிருந்த மருந்துகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இரண்டினை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டும்படி குறிப்பெழுதித் தந்தாராம். மறுமுறை கிளினிக்குக்குச் செல்லும்போது கணவரையும் உடன் அழைத்துச் செல்லப்போவதாக அம்மையார் கூறினார்.